சர்வர் டவுன் என்றால் என்ன அர்த்தம்?

(இந்த இதழில் வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதியிருப்பவர் காட்பாடிக்காரர். சென்னையில் ஓர் அரசுத் துறையின் டிஜிட்டல் சேவைக் குழுவை நடத்துகிறார். பெயரும் துறையும் போடக்கூடாது என்பது அவர் நிபந்தனை. கேள்விகள் எல்லாம் பழைய வட ஆற்காட்டிலிருந்து வந்தவை.)

மேடம், அரசாங்கத்தில் டிஜிட்டல் டீம் தலைவர் என்றால் வாரம் முழுக்க என்னதான் வேலை? ஏசி ரூமில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருப்பதா?
— வாசகர், குடியாத்தம்

ஏசி உண்டு, மறுக்கவில்லை. லேப்டாப் முன்னால் உட்கார நேரம் கிடைத்தால் அது அதிர்ஷ்டம். போன வாரத்தையே சொல்கிறேன், அதில் பாதி உங்கள் பக்கத்தில்தான் போனது.

எங்கள் குழு ஓர் உதவித்தொகைக்கான ஆன்லைன் விண்ணப்பத்தைக் கவனித்துக்கொள்கிறது. அதில் 'வருமானச் சான்றிதழை ஸ்கேன் செய்து இணைக்கவும்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அந்தச் சான்றிதழைக் கொடுத்ததே அரசாங்கம், கொடுத்ததும் ஆன்லைனில்தான், அதற்கென்று ஓர் எண் இருக்கிறது, எண்ணைப் போட்டால் உண்மையா போலியா என்று தெரிந்துவிடும். அப்படியிருக்க ஜனங்கள் அதை பிரிண்ட் எடுத்து, அந்த பிரிண்டை மறுபடி ஸ்கேன் செய்து, கொடுத்தவருக்கே திருப்பி அனுப்ப வேண்டுமாம். அந்தக் கட்டத்தைத் தூக்கிவிட்டு எண்ணை மட்டும் கேட்க வேண்டும். வாரம் முழுக்க முக்கியமான வேலை அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாள். குழுவில் சிலரோடு போனேன், உள்ளே போகவில்லை, வெளியே மனு எழுதித் தருபவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தோம். அங்கே ஒரு பெரியவர், பேனாவைத் திறப்பதற்கு முன்னாலேயே மூன்று விஷயம் கேட்கிறார்: எந்தத் தாலுகா, இதுக்கு முன்னாடி யாரைப் போய்ப் பார்த்தே, அவர் என்ன சொன்னார். அதிலேயே மனு எந்த மேஜைக்குப் போக வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது. எங்கள் விண்ணப்பம் பக்கம் பக்கமாக என்னென்னவோ கேட்கிறது, ஆனால் 'ஏற்கெனவே விண்ணப்பித்தீர்களா, என்ன காரணம் சொல்லித் திருப்பினார்கள்' என்று ஓர் இடத்திலும் கேட்பதில்லை. பெங்களூரில் பெரிய கம்பெனியை விட்டுவிட்டு எங்களிடம் வந்த ஒரு டிசைனர் குழுவில் இருக்கிறார், வாய் ஓயாமல் பேசுபவர், அன்று மதியம்வரை பேசவில்லை, எழுதிக்கொண்டே இருந்தார்.

செவ்வாயும் புதனும் சென்னையில், கோப்போடு. கட்டத்தை எடுப்பது புரோகிராமருக்கு அரை நாள் வேலை. ஆனால் பழைய அரசாணையில் 'சான்றிதழின் நகல் இணைக்கப்பட வேண்டும்' என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரி இருக்கும்வரை நாளைக்குத் தணிக்கையில் கேள்வி வரலாம், வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் உதவிப் பிரிவு அலுவலர், நான் இல்லை. அவர் தயங்குவதில் தப்பே கிடையாது. அதனால் உதவிப் பிரிவு அலுவலர், பிரிவு அலுவலர், சார்புச் செயலாளர், துணைச் செயலாளர் என்று கோப்பு ஏறுகிற வழியில் ஒவ்வொருவரிடமும் போய் உட்கார்ந்து, திரையில் காட்டி, 'எந்தத் தேதி எத்தனை மணிக்கு எண் சரிபார்க்கப்பட்டது என்ற பதிவு இருக்கும், மங்கிப்போன நகலைவிட தணிக்கைக்கு இதுதான் வலுவான ஆதாரம்' என்று சொல்ல வேண்டும். தணிக்கை என்ற பேச்சை அவர்களுக்கு முன்னால் நானே எடுத்துவிட்டால் பாதி பயம் போய்விடுகிறது. என் சம்பளத்தில் பெரும்பகுதி இதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

வியாழன் உங்கள் ஊர். ஓர் இ-சேவை மையத்தில் ஆபரேட்டருக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தோம். கம்ப்யூட்டருக்கு மேலே சுவரில் ஒரு தாள்: 'இனிஷியலுக்குப் பிறகு புள்ளி வைக்கக் கூடாது.' ஏனம்மா என்றால், புள்ளி வைத்தால் கடைசிப் பக்கத்தில் சிவப்பாகப் பிழை வரும், என்ன பிழை என்று மட்டும் சொல்லாது, எல்லாவற்றையும் முதலிலிருந்து அடிக்க வேண்டும் என்றார். பெயர்க் கட்டத்தில் எழுத்துகள் மட்டும்தான் வரலாம் என்று எப்போதோ யாரோ விதி எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் இனிஷியலுக்குப் புள்ளி வைக்காதவர் யார்? இது பற்றி எங்களுக்கு ஒரு புகாரும் வந்ததில்லை, சுவரில் தாள் ஒட்டிவிட்டு அந்தப் பெண் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். தாளைப் போட்டோ எடுத்து குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டேன், சாயங்காலத்துக்குள் டெஸ்ட் சர்வரில் சரியாகிவிட்டது.

வெள்ளிக்கிழமைதான் எப்போதும் சிக்கல். சாஃப்ட்வேர்காரர்கள் வெள்ளிக்கிழமை எதையும் லைவ் செய்ய மாட்டார்கள், சனி ஞாயிறில் கெட்டுப்போனால் பார்க்க ஆள் இருக்காது என்பது உலகம் முழுக்க அவர்களுக்குள் இருக்கிற பயம். மேலே இருப்பவர்களுக்கோ வெள்ளி நல்ல நாள், தொடங்கினால் அன்றைக்குத்தான், அதிலும் பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம் என்பதால் அதற்கு முன்னால். ஆகவே இரண்டு தரப்புக்கும் பொதுவாக ஒரு வழி வைத்திருக்கிறேன். வெள்ளி காலை ஒன்பதரைக்குத் தொடங்கிவிடுவோம், ஒரே ஒரு தாலுகாவுக்கு மட்டும். அங்கே எதுவும் வெடிக்கவில்லை என்றால் மற்றவர்களுக்குச் செவ்வாய்க்கிழமை திறப்போம். செவ்வாய் அன்று யாரும் விளக்கேற்ற வரமாட்டார்கள் என்பது கூடுதல் வசதி.

அந்த வெள்ளி புள்ளி விவகாரம் குடியாத்தம் தாலுகாவுக்குப் போய்விட்டது. கட்டம் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, கோப்பு துணைச் செயலாளர் மேஜையில்.

கோட்டை உண்டு ராஜா இல்லை, கோயில் உண்டு சாமி இல்லை, ஆறு உண்டு தண்ணி இல்லை என்று எங்கள் ஊரைச் சொல்வார்கள். வெப்சைட் உண்டு சர்வர் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளலாமா?
— வாசகர், தோட்டப்பாளையம்

சேர்க்கலாம், ஆனால் பழைய பட்டியலையே திருத்த வேண்டியிருக்கிறதே. ஜலகண்டேஸ்வரர் 1981-லேயே சத்துவாச்சாரியிலிருந்து கோட்டைக் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். பாலாறு 2021 நவம்பரில் எப்படி ஓடியது என்று பார்த்திருப்பீர்கள். ராஜாவுக்கு மட்டும் நான் பொறுப்பில்லை.

'சர்வர் டவுன்' என்பது கவுன்டரில் எல்லாவற்றுக்கும் சொல்கிற ஒரே பதில். ஒரு விண்ணப்பம் முடிய வேண்டும் என்றால் ஆதார் சரிபார்ப்பு வேலை செய்ய வேண்டும், குறுஞ்செய்தி போக வேண்டும், பணம் கட்டும் கேட்வே திறக்க வேண்டும், எங்கேயும் ரோடு தோண்டிக் கேபிளை அறுத்திருக்கக் கூடாது, கடைசியில் பிரிண்டர்வரை ஒழுங்காக இருக்க வேண்டும். இதில் எது நின்றாலும் திரையில் அதே சக்கரம்தான் சுற்றும், ஆபரேட்டருக்கும் வேறு எதுவும் தெரியாது. அப்புறம் கூட்டம். பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு சாதி, வருமானம், முதல் பட்டதாரி என்று எல்லோரும் மே, ஜூனில் வருகிறார்கள், வேலூர் வெயிலுக்குப் பயந்து காலையிலேயே வருகிறார்கள், மெஷின் மதியத்துக்குள் மூச்சு வாங்கிவிட்டு ராத்திரி முழுக்கச் சும்மா இருக்கிறது.

பெரிய சர்வர் வாங்கலாமே என்று கேட்பீர்கள். வாங்குவது எளிது, அதற்கு பட்ஜெட்டில் கணக்குத் தலைப்பு உண்டு, வந்தால் போட்டோ எடுக்கலாம். உண்மையில் ஜனங்களுக்குத் தேவைப்படுவது இரண்டு சின்ன விஷயம்: பாதியில் நின்றுபோனால் விட்ட இடத்திலிருந்து தொடர்வது, எந்தப் பாகம் நின்றிருக்கிறது என்று ஆபரேட்டர் திரையில் தெரிவது. 'ஆதார் சரிபார்ப்பு நின்றிருக்கிறது, மற்றதைப் போட்டு வைக்கலாம்' என்று தெரிந்தால், அணைக்கட்டிலிருந்து பஸ் பிடித்து வந்த அம்மாவை அவர் திருப்பி அனுப்ப மாட்டார். இந்த இரண்டுக்கும் எந்தத் தலைப்பும் இல்லை, அதனால் வேறு வேலைகளுக்கு நடுவில் ஒளித்துவைத்துச் செய்கிறோம்.

நான் பிறந்தது வட ஆற்காடு மாவட்டம், படித்தது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம், கல்யாணம் ஆனது வேலூர் மாவட்டம், இப்போது இருப்பது திருப்பத்தூர் மாவட்டம். வீடு மாறவே இல்லை! ஆன்லைனில் மாவட்டம் என்ற இடத்தில் எதைப் போட்டாலும் 'ஆதாரோடு பொருந்தவில்லை' என்கிறது.
— வாசகி, ஆம்பூர்

இந்தக் கேள்வியை பிரேம் போட்டு எங்கள் ஆபீஸில் மாட்டப் போகிறேன்.

1989-ல் வட ஆற்காட்டைப் பிரித்து வட ஆற்காடு அம்பேத்கர், திருவண்ணாமலை சம்புவராயர் என்று இரண்டாக்கினார்கள். 1990-களின் பிற்பாதியில் மாவட்டங்களிலிருந்து தலைவர்கள் பெயரை எடுத்தபோது நீங்கள் வேலூர் மாவட்டம் ஆனீர்கள். 2019 நவம்பர் 28-ல் வேலூர் மூன்றானது, ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் பக்கம் ராணிப்பேட்டைக்கும், ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் திருப்பத்தூருக்கும் போனது. ஒவ்வொரு முறையும் அரசாணை ஒரே நாளில் வந்துவிடுகிறது. ஆனால் ஒவ்வொரு துறையின் பட்டியலும் அதனதன் நேரத்தில்தான் மாறுகிறது, உங்கள் ஆதார் முகவரியோ நீங்களாகப் போய் மாற்றினால்தான் மாறும். பின்கோடு என்னவென்றால், அது தபால்காரர் கணக்கு, மாவட்டம் பிரிந்ததெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை, ஆம்பூர் அன்றும் இன்றும் 635802.

கோளாறு எங்கே என்றால், மாவட்டத்தின் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிற இடத்தில். வேலூர் என்பதும் திருப்பத்தூர் என்பதும் வேறு வேறு எழுத்துகள், அதனால் நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று மெஷின் முடிவு கட்டிவிடுகிறது. சரியான வழி, ஊரின் குறியீட்டு எண்ணைப் பிடித்துக்கொள்வது. மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் நாட்டில் இருக்கிற ஒவ்வொரு கிராமத்துக்கும் ஓர் எண் கொடுத்து ஒரு பொதுப் பட்டியல் வைத்திருக்கிறது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு, 'இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை இந்த ஊர் இந்த மாவட்டத்தில்' என்று பக்கத்தில் எழுதிவைத்தால், பத்து முறை பிரித்தாலும் உங்களுக்குத் தொந்தரவு இல்லை. உங்களிடம் கேட்க வேண்டியது எந்த ஊர் என்பது மட்டும்தான், தாலுகாவையும் மாவட்டத்தையும் நாங்களே கண்டுபிடிக்கலாம். எங்கள் விண்ணப்பத்தில் அப்படி மாற்றிவிட்டோம். பிறந்த மாவட்டம் கேட்கிற இடத்தில் பட்டியலில் வட ஆற்காட்டையும் வைத்திருக்கிறோம். 'இல்லாத மாவட்டத்தை எதற்கு வைப்பது' என்று ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். 1980-ல் பிறந்தவர் இன்னும் இருக்கிறாரே என்றேன்.

நீங்கள் இப்போதைக்குச் செய்ய வேண்டியது: இப்போதைய முகவரிக்கு திருப்பத்தூர் போடுங்கள், பிறந்த இடத்துக்குப் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே போடுங்கள். ஆதார் முகவரியை ஆன்லைனிலேயே மாற்றலாம், ஆதாரோடு இணைத்த செல்போன் கையில் இருந்தால் போதும், முகவரிச் சான்று ஒன்று வேண்டும். பழைய சான்றிதழ்களைத் திருத்த ஓட வேண்டாம். அவை கொடுக்கப்பட்ட அன்றைக்கு அவை சரிதான்.

இதற்கு ஒரு தம்பி உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அரசு அலுவலகங்களில் வருடக்கணக்காக வானவில் போன்ற எழுத்துருக்களில் டைப் செய்து வைத்த கோப்புகள். கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துகளுக்கு யூனிகோடு, டேஸ்16 என்ற குறியீட்டு முறைகள்தான் தரம் என்று 2010-லேயே ஆணை வந்துவிட்டது. ஆனால் அதற்கு முன்னால் அடித்த ஊர்ப் பட்டியலை இன்றைக்குத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அடைப்புக்குறிகளும் கலந்த ஒரு குப்பை தெரியும், 'ஆம்பூர்' என்று தேடினால் கிடைக்காது. அதை மாற்றி, ஒற்றெழுத்து போன இடமெல்லாம் கண்ணால் பார்த்துச் சரிசெய்வது குழுவில் யாருக்கும் பிடிக்காத வேலை. முறை வைத்துச் செய்கிறோம்.

ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன். போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். எனக்காக மாமியார் விண்ணப்பம் போடப் போனால் ஓடிபி என் போனுக்கு வருகிறது. லீவு போட்டால் ஒரு நாள் கூலி போச்சு. நீங்களே சொல்லுங்கள்.
— வாசகி, பேரணாம்பட்டு

அக்கா, போர்டில் எழுதியிருக்கிற கட்டணம்தான் இதிலேயே சின்னச் செலவு என்று நான் கூட்டங்களில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன், இனி உங்கள் கடிதத்தைக் காட்டுகிறேன்.

ஓடிபி யோசித்தவர்கள் மனதில் ஒரு ஆள் இருந்திருக்கிறார்: சொந்த போன், எப்போதும் கையில், எப்போதும் சிக்னல், எப்போதும் சார்ஜ். வட ஆற்காட்டில் போன் கேட்டில் இருக்கும், அல்லது நம்பர் பெங்களூரில் வேலை செய்யும் பையனுடையது, அல்லது ரீசார்ஜ் தீர்ந்திருக்கும். ஓடிபியை எடுத்துவிட முடியாது, அது இல்லையென்றால் உங்கள் பெயரில் யார் வேண்டுமானாலும் விண்ணப்பம் போடலாம். ஆனால் அதை எப்போது கேட்பது என்பது எங்கள் கையில் இருக்கிறது. விண்ணப்பத்தை மையத்தில் போட்டு முடித்துவிட்டு, உறுதி செய்வதை மட்டும் ராத்திரி வீட்டிலிருந்து உங்கள் போனில் செய்யலாம், ஒரு குறுஞ்செய்தி, ஒரு லிங்க், ஒரு தட்டு. எங்கள் சேவையில் இதைச் சோதித்துக்கொண்டிருக்கிறோம். மற்ற துறைகள் சார்பில் நான் வாக்குக் கொடுக்க முடியாது. அதுவரை, மையத்தில் சனிக்கிழமை திறந்திருக்கிறார்களா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். போனில் வந்த ஓடிபியை கம்பெனி வாட்ச்மேன் படித்துச் சொல்கிற ஏற்பாடு மட்டும் வேண்டாம், சிலர் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

போட்டோ இத்தனை கேபி, கையெழுத்து இத்தனை கேபி, பிடிஎஃப் இத்தனை கேபி. எந்தக் காலத்துக் கணக்கு இது?
— வாசகர், ஆற்காடு

டயல்-அப் காலத்துக் கணக்கு, அப்படியே ஒரு டெண்டரிலிருந்து அடுத்த டெண்டருக்கு காப்பி ஆகி வந்துகொண்டிருக்கிறது. இதில் எரிச்சலைவிட ஆபத்துதான் பெரிது. அளவைக் குறைக்க வேண்டும் என்றதும் ஆபரேட்டர் என்ன செய்கிறார்? இலவசமாகச் சுருக்கித் தருகிற ஏதோ ஒரு வெளிநாட்டு வெப்சைட்டில் உங்கள் ஆதார் நகல், பாங்க் பாஸ்புக், மார்க் ஷீட் எல்லாவற்றையும் ஏற்றுகிறார். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது, அந்தச் சட்டத்தைப் பற்றி நாங்கள் கருத்தரங்கம் நடத்துகிற அதே நேரத்தில் இது நடக்கிறது. சுருக்குகிற வேலையை எங்கள் சர்வரே செய்ய முடியும், சில வரி கோடு. யாராவது இந்தப் பதிலைப் படித்துவிட்டு உங்கள் துறையிலும் செய்தால் சந்தோஷம்.

அணைக்கட்டு தாலுகாவில் கிராம நிர்வாக அலுவலர். ஒவ்வொரு துறைக்கும் ஓர் ஆப், எல்லாம் என் ஒரே போனில். மலைக்குப் போனால் சிக்னல் இல்லை. பேப்பரிலும் எழுது, ஆப்பிலும் போடு என்கிறார்கள். டிஜிட்டலால் எனக்கு என்ன மிச்சம்?

ஐயா, இப்போதைக்கு மிச்சம் எதுவும் இல்லை என்பதுதான் நேர்மையான பதில்.

எந்த ஆப்பும் உங்களை நினைத்துச் செய்யப்பட்டதில்லை. மேலே ஒருவர் டேஷ்போர்டில் பச்சை, மஞ்சள், சிவப்பு பார்க்க வேண்டும், அந்த நிறத்துக்கு எண்ணிக்கை வேண்டும், எண்ணிக்கையை அடிக்க ஒரு விரல் வேண்டும், அந்த விரல் உங்களுடையது. வேளாண்மைக்கு ஒன்று, தேர்தலுக்கு ஒன்று, நிவாரணத்துக்கு ஒன்று என்று ஒவ்வொரு துறையும் உங்களைத் தன் சொந்த ஆளாக நினைத்துக்கொள்கிறது. மொத்தம் எத்தனை என்று கூட்டிப் பார்க்கிற ஒரு மேஜை தலைமைச் செயலகத்தில் கிடையாது. பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை பக்கம் ஒரு நாள் அந்த ஆப்களைத் தூக்கிக்கொண்டு நடந்தால் போதும், சிக்னல் இல்லாமலே பதிவு செய்து கீழே இறங்கியதும் தானாக அனுப்புகிற வசதி இல்லாத எதையும் நான் ஆப் என்றே ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எங்கள் குழுவில் ஒரு பழக்கம் கொண்டுவந்திருக்கிறேன். புதிதாக எதையாவது ஆன்லைனாக்க வேண்டும் என்று யார் கேட்டாலும் முதல் கேள்வி: எந்தப் பதிவேட்டை நிறுத்தப் போகிறீர்கள்? பெரும்பாலும் பதில் வருவதில்லை, அப்போது திட்டமும் வருவதில்லை. இதனால் எனக்கு 'முட்டுக்கட்டை மேடம்' என்று பெயர் இருப்பது தெரியும், இருக்கட்டும். நீங்கள் ஓர் உதவி செய்யலாம். 'பணிச்சுமை அதிகம்' என்று சங்கத்தின் மூலம் எழுதினால் அது கோப்பில் தூங்கும். எந்த ஆப்பில் எந்தத் திரையில் எந்தக் கேள்வி ஏற்கெனவே வேறு எதில் கேட்கப்பட்டது என்று ஸ்கிரீன்ஷாட்டோடு எழுதினால் யாராலும் 'ஆவன செய்யப்படும்' என்று தாண்டிப்போக முடியாது.

ஏஐ வந்துவிட்டால் தாலுகா ஆபீஸே தேவைப்படாதாமே?
— வாசகர், ராணிப்பேட்டை

வரப்புச் சண்டை இருக்கும்வரை தாலுகா ஆபீஸ் இருக்கும்.

வெளிநாட்டில் எல்லாம் இதை எப்படிச் செய்கிறார்கள்? நாம் ஏன் பின்தங்கியிருக்கிறோம்?
— வாசகர், வாலாஜாபேட்டை

பிரிட்டனில் 2011-ல் அரசுக்குள்ளேயே ஒரு டிஜிட்டல் சேவைக் குழுவைத் தொடங்கினார்கள், அடுத்த ஆண்டே சிதறிக் கிடந்த தகவல்களுக்கு ஒரே அரசுத் தளத்தைத் திறந்தார்கள். பயன்படுத்துபவரின் தேவையிலிருந்து தொடங்கு என்பது அவர்கள் விதிகளில் முதலாவது. அங்கேயும் எல்லாம் நடந்துவிடவில்லை, ஆளை அடையாளம் காண 'வெரிஃபை' என்று ஒன்று கட்டி, எதிர்பார்த்தபடி போகாமல் 2023-ல் மூடினார்கள். அமெரிக்காவில் 2013 அக்டோபர் 1 அன்று மருத்துவக் காப்பீட்டுத் தளத்தைத் திறந்தார்கள், முதல் நாளில் கடைசிவரை போய்ச் சேர்ந்தவர்கள் 6 பேர். அந்த அவமானத்துக்குப் பிறகுதான் அங்கே அரசுக்கென்று ஒரு டிஜிட்டல் படை வந்தது. அடையாளத்துக்கு ஆதார், சான்றிதழுக்கு டிஜிலாக்கர், பணத்துக்கு யுபிஐ என்று அடிப்படைப் பொருளில் நாம் பின்னால் இல்லை. நம்மிடம் குறைவு, அவற்றை வைத்து ஒரு கட்டத்தை எடுத்துவிடும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்ற தெளிவு.

அங்கிருந்து ஒரு பழக்கத்தை எடுத்துக்கொண்டேன். அந்தக் குழுக்களில் இருப்பவர்கள் பலர் வாரக் கடைசியில் ஒரு குறிப்பு எழுதுவார்கள், என்ன நடந்தது, என்ன நின்றுபோனது என்று, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நானும் வெள்ளி சாயங்காலம் ஒரு பக்கம் எழுதி குழுவுக்கும் துறையில் தெரிந்தவர்களுக்கும் அனுப்புகிறேன். ஒரு திருத்தம் மட்டும் செய்ய வேண்டியிருந்தது. அவர்கள் 'இன்னாரிடம் நிற்கிறது' என்று எழுதிவிடுவார்களாம். இங்கே அப்படி எழுதினால் திங்கட்கிழமை மெமோ வரும். அதனால் கோப்பு எந்தத் தேதியிலிருந்து அசையவில்லை என்று மட்டும் எழுதுகிறேன். யார் மேஜை என்று எல்லோருக்கும் தெரியும், அந்த மேஜைக்காரருக்கும் தெரியும்.

அக்கா, கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருடம். அரசு டிஜிட்டல் டீமில் சேரலாமா? என்ன படிக்க வேண்டும்?
— மாணவி, காட்பாடி

சேரலாம், கண்ணைத் திறந்துகொண்டு சேர வேண்டும். பெரும்பாலும் ஒப்பந்த வேலை, நடுவில் ஓர் ஏஜென்சி இருக்கும், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற மாதங்களில் வயிற்றைக் கலக்கும், சம்பளம் உன் கிளாஸ்மேட் பெங்களூரில் வாங்குவதைவிடக் குறைவு. வீட்டில் 'கவர்ன்மென்ட் வேலை' என்று ஊர் முழுக்கச் சொல்லிவிடுவார்கள், அதையும் சமாளிக்க வேண்டும்.

கோடிங் உனக்கு வரும். வராதது எழுத்து. 'தாங்கள் சமர்ப்பித்த விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது' என்பதை உன் பாட்டிக்குப் புரிகிற மாதிரி ஒரு வரியில் எழுதிப் பார், அரை மணி நேரம் பிடிக்கும். அரசாணை படிக்கக் கற்றுக்கொள், எந்த வரி கட்டாயம், எந்த வரி வழக்கம் என்று பிரிக்கத் தெரிந்தவர்தான் எங்களுக்குத் தங்கம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லேயே வந்துவிட்டது. பார்வையற்றவர்களுக்குத் திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் என்விடிஏ என்ற இலவச ஸ்கிரீன் ரீடரைப் போட்டு, மானிட்டரை அணைத்துவிட்டு ஏதாவது ஒரு தமிழ் விண்ணப்பத்தைக் கடைசிவரை நிரப்ப முடிகிறதா பார். மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் அங்கீகரித்த நிறுவனத்தின் பாதுகாப்புத் தணிக்கை இல்லாமல் எதுவும் வெளியே போகாது, அதனால் அவர்கள் எதையெல்லாம் பார்ப்பார்கள் என்று முன்கூட்டியே படித்துவை. அப்புறம், வேலூரில் காந்தி ரோடு பக்கம் போய் லாட்ஜ் போர்டுகளைப் பார். சிஎம்சிக்கு வருகிற நோயாளிகளுக்காக வங்காளத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள், மெனு கார்டுவரை. அதற்கு யாரும் கமிட்டி போடவில்லை.

என் மனு நெடுநாளாக 'பரிசீலனையில்' என்றே காட்டுகிறது. மனு எண்ணை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கொஞ்சம் பார்த்துச் சொல்ல முடியுமா?
— வாசகர், கே.வி.குப்பம்

உங்கள் எண்ணை அச்சிட வேண்டாம் என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன், இனி யாருக்கும் இப்படி எழுதி அனுப்பாதீர்கள், அதை வைத்து உங்கள் விவரங்களைத் தோண்ட முடியும். நீங்கள் கேட்கிற சேவை என் துறையும் இல்லை. 'பரிசீலனையில்' என்றால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் இவர்களில் யாரோ ஒருவரிடம் இருக்கிறது என்றுதான் அர்த்தம். விண்ணப்பம் போட்ட இ-சேவை மையத்திலேயே கேளுங்கள், எந்த நிலையில் நிற்கிறது என்று ஆபரேட்டர் திரையில் உங்களுடையதைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தெரியும். அதிலும் நகரவில்லை என்றால் தமிழக அரசின் குறைதீர்ப்பு எண்ணான 1100-க்கு போன் செய்து புகாராகப் பதியுங்கள், அவர்கள் தரும் எண்ணை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தேதியில் போட்டீர்கள், யாரைப் பார்த்தீர்கள், என்ன சொன்னார்கள் என்பதை போன் செய்வதற்கு முன்னால் ஒரு தாளில் குறித்துக்கொண்டால் பேச்சு சீக்கிரம் முடியும்.